முதியோர் மறதி நோய்: பயறும் குடல் நலமும் எவ்வளவு உதவும்?

நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் பகுதியின் செம்மண் காடுகளில் முந்திரி, பலா, மல்லாட்டை, உளுந்து, காராமணி, கம்பு என்று எதற்கும் குறைவில்லை. இவற்றில் பலவும் புரதச்சத்து நிறைந்தவை. ஆனால் அறுவடை முடிந்ததும் மூட்டைகள் வண்டியேறிப் போய்விடுகின்றன. விளைவித்த வீட்டில், எழுபது வயது ஆயாவின் தட்டில் சோறும் தெளிந்த இரசமும் ஒரு துண்டு ஊறுகாயும்தான் மிஞ்சுகின்றன. குழம்பில் அடியில் கிடக்கும் பருப்பைப் பேரப்பிள்ளைகளுக்கு அள்ளி வைத்துவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரைத் தனக்கு ஊற்றிக்கொள்வது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம்.

இந்தத் தட்டுக்கும் முதுமையில் வரும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இப்போது பலராலும் கேட்கப்படுகிறது. புரதம் மிகுதியாக உண்டால் மறதி நோய் வராது என்றும், குடலைச் சுத்தமாக வைத்தால் மூளை தெளியும் என்றும் சொல்லி மாவு டப்பாக்களும் விற்கப்படுகின்றன. இவற்றில் எது மெய், எது மிகை என்பதை உழவர் பெருமக்கள் அறிந்துகொள்வது அவசியம். சுருங்கச் சொன்னால், மறதி நோயை உறுதியாகத் தடுக்கும் உணவு எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. எனினும் நம் நிலத்தில் விளையும் பயறும் பருப்பும், நார்ச்சத்து மிக்க தானியமும் முதியவரின் உடலையும் குடலையும் நன்னிலையில் வைக்கின்றன. அதனால் மூளைக்கும் நன்மை கிடைக்கக்கூடும் என்று கருதப் போதிய காரணங்கள் உள்ளன.

நோயின் தன்மை

1906ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், நினைவு குலைந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் படிவுகளும் நார்ச் சிக்கல்களும் இருப்பதை எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இந்நோய் அல்சைமர் நோய் எனப்படுகிறது. முதுமை மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. படிவாகச் சேரும் பொருள் அமிலாய்டு என்னும் புரதம். நரம்பு அணுக்களுக்குள் சிக்கலாகத் திரள்வது டௌ என்னும் புரதம். நோயின் அறிகுறி வெளியில் தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே இவை மூளையில் சேரத் தொடங்குகின்றன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மூளையில் புரதம் சேர்வதுதான் நோய் என்றால், புரதம் உண்ணாமல் இருப்பதல்லவா நல்லது? அப்படியன்று. நாம் உண்ணும் பருப்பிலுள்ள புரதம் வயிற்றிலும் சிறுகுடலிலும் அமினோ அமிலங்களாக உடைக்கப்பட்ட பிறகே இரத்தத்தில் கலக்கிறது. பருப்பின் புரதம் பருப்பின் புரதமாகவே மூளைக்குப் போவதில்லை. அமிலாய்டும் டௌவும் நம் உடல் தானே உண்டாக்கும் புரதங்கள். அவை அளவுக்கு மீறித் தேங்குவதே கோளாறு. ஆகவே இந்தப் பயத்தால் பருப்பைக் குறைத்துவிட வேண்டாம்.

வயதானால் மறதி இயல்புதானே என்று விட்டுவிடுவதும் தவறு. களைக்கொட்டை எங்கே வைத்தோம் என்று மறப்பது இயல்பு. களைக்கொட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது நோயின் அடையாளம். நாற்பது ஆண்டுகள் நடந்த வரப்பில் வழி தவறுவது, கூலிப் பணம் எண்ணத் தெரியாமல் தடுமாறுவது, ஒரே கேள்வியைக் கால் மணிக்கொரு முறை கேட்பது, சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பது ஆகியவையும் அவ்வாறே. 2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் உள்ளது. நகரத்தைவிடக் கிராமத்தில் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இது பட்டணத்துப் பணக்கார நோய் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

சென்னையும் வேலூரும் சொன்னது

மறதி நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் ஏழை நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கு கூட அந்நாடுகளில் நடக்கவில்லை என்ற குறையைப் போக்க 1998இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் ஒரு குழுவை அமைத்தனர். 10/66 என்பது அதன் பெயர். அக்குழு நம் மாநிலத்தில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் வட்டாரம். சீனா, கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுலா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகளும் சேர்க்கப்பட்டன.

65 வயதைக் கடந்த சுமார் 15 ஆயிரம் பேரிடம் மீனும் இறைச்சியும் எவ்வளவு உண்கிறார்கள் என்று கேட்டு, 2009இல் இக்குழு முடிவுகளை வெளியிட்டது. மீன் அதிகமாக உண்பவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. இறைச்சி உண்பவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் இந்த இரண்டாவது தொடர்பு அவ்வளவு உறுதியானதன்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மீனால் நன்மை என்ற அந்தத் தொடர்பு இந்தியாவில் மட்டும் காணப்படவில்லை. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

இத்தகைய கணக்கெடுப்புகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. மறதி வந்தவர் சமைக்க மறப்பார், மீன் வாங்கப் போகமாட்டார், பசியைக்கூடச் சொல்லமாட்டார். உணவு குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் உணவு குறைந்ததா என்பதை ஒரு முறை கேட்டு எழுதிய கணக்கால் பிரித்தறிய இயலாது. பயிர் வாடியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் தண்ணீர்க் குறைவா, வேரழுகலா என்று சொல்ல முடியாததைப் போன்றதே இது.

ஆகவே நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சுமார் 77 ஆயிரம் பேரை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அதற்கு ஈடாகப் புரதம் உண்டவர்கள், தங்கள் நினைவு குறைவதாகச் சொன்னது குறைவாக இருந்தது. இறைச்சிப் புரதத்தைவிடப் பயறு போன்ற தாவரப் புரதத்தில் இப்பலன் கூடுதலாகத் தெரிந்தது. இதுவும் கவனித்து அறிந்ததே தவிர, சோதித்து நிறுவியதன்று. சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. கீரை, பயறு, பருப்பு, மீன் மிகுந்த ஓர் உணவு முறையை 604 முதியவர்களிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். அந்த உணவு உண்ட குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பின்லாந்து நாட்டில் 1,260 பேரிடம் நடந்த சோதனையில் ஒரு பாதியினருக்கு நல்ல உணவுடன் உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தக் கவனிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது பலன் கிடைத்தது; இது 2015இல் வெளியானது. தழைச்சத்து மட்டும் கொட்டினால் மகசூல் வராது என்பதை நம் உழவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடலுக்கும் மூளைக்கும் என்ன உறவு?

பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தொழுவுரக் குழியில் நுண்ணுயிர்கள் செத்தையை மக்கச் செய்வதைப் போல, நமக்குச் செரிக்காத நாரையும் மாவையும் இவை நொதிக்க வைக்கின்றன. அப்போது பியூட்டிரிக் அமிலம் முதலிய சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு இந்தப் பியூட்டிரிக் அமிலமே முக்கிய உணவு.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வாந்திபேதி நோயாளிகள் 48 பேரிடம் சோதனை நடத்தி 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசலுடன், சிறுகுடலில் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தபோது பேதி விரைவில் நின்றது. காரணம், அந்த மாவு பெருங்குடலை அடைந்து நுண்ணுயிர்களால் கொழுப்பு அமிலங்களாக மாறி, குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவியதுதான். குடல் நுண்ணுயிருக்கு நாம் போடும் தீனி நம் உடலுக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே கிடைத்த சான்று இது.

நுண்ணுயிருக்குத் தீனி குறைந்து உட்சுவர் நலிந்தால், கிருமிகளின் கழிவுப் பொருட்கள் இரத்தத்தில் கசியும். உடல் முழுவதும் ஒரு மெல்லிய அழற்சி ஓயாமல் இருந்துகொண்டிருக்கும். இந்த அழற்சி மூளையிலும் கேடு செய்யும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். 2017இல் வெளியான ஒரு சோதனையில், மறதி நோய் வரும்படி உருவாக்கப்பட்ட சுண்டெலிகளைக் குடல் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்தபோது மூளையில் அமிலாய்டுப் படிவு குறைவாக இருந்தது. அதே ஆண்டில், அல்சைமர் நோயாளிகளின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவாக இருப்பதாக அமெரிக்காவில் கண்டார்கள். சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு மருந்தாக எழுதிக் கொடுக்க முடியாது. தொடர்பு இருக்கிறது என்ற அளவில் இப்போதைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் பழக்கத்தில் உள்ள பழையதும் கேழ்வரகுக் கூழும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. இரவு முழுவதும் ஊறும்போது நல்ல நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எவ்வாறு பயன்படும் என்பது பற்றி ஆராய்ச்சி மேற்கொண்டுள்ளனர். அது குடல் நோய்க்கான ஆய்வு, மறதி நோய்க்கானதன்று. பழையது நல்லுணவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீரில் சோற்றை ஊறவைத்து மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். உப்பையும் ஊறுகாயையும் அதோடு அள்ளிப் போட்டால் இரத்த அழுத்தம் ஏறும். அது மூளைக்குச் செய்யும் தீங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. சர்க்கரை நோயாளிகள் அளவோடு உண்ண வேண்டும். குடலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி முதியவர்களுக்குப் பேதி மருந்து கொடுப்பது கேடு. நீரும் உப்பும் வற்றி மயக்கமும் மனக்குழப்பமும் வரும்.

ஆயாவின் தட்டுக்கு ஒரு கணக்கு

வயது வந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. முதியவர்களின் தசை விரைவில் கரைவதால் கிலோவுக்கு 1 கிராம் முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று முதியோர் மருத்துவ அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். அப்படியானால் 50 கிலோ எடையுள்ள ஆயாவுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் தேவை.

அவர் உண்பதைப் பாருங்கள். நாள் முழுவதற்கும் 200 கிராம் அரிசி. அதில் புரதம் சுமார் 14 கிராம். குழம்பில் கரைந்த பருப்பு 20 கிராம். அதில் 4 அல்லது 5 கிராம். ஒரு குவளை மோர் சேர்த்தாலும் மொத்தம் 20 கிராமைச் சிறிதே தாண்டுகிறது. தேவையில் பாதிகூட இல்லை. இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் முதலில் கை கால் வலுவிழக்கும். பிறகு நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறைந்தவர் பேச்சுத் துணையின்றி மூலையில் ஒடுங்குவார். நடமாட்டக் குறைவும் தனிமையும் மறதி நோய்க்கு வழி வகுப்பவை என்று நிறுவப்பட்டவை.

இந்தக் குறையை நிரப்பக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உளுந்து, காராமணி, கொள்ளு, துவரை ஆகியவற்றில் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. மல்லாட்டைப் பருப்பில் சுமார் 25 கிராம். நாளொன்றுக்குப் பயறு 50 கிராமும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், மல்லாட்டையும் உண்டால் 18 கிராமுக்கு மேல் கிடைக்கும். அத்துடன் ஒரு முட்டையோ ஒரு குவளை பாலோ சேர்த்தால் மேலும் 6 கிராம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறில் அது மிகுதி. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லிக்கு உளுந்து சேர்த்த நம் முன்னோர் இந்த வேதியியலை அறிந்திருக்க மாட்டார்கள், பலனை அறிந்திருந்தார்கள்.

பல் இல்லாதவர்களுக்கு உளுந்தங்களி, உளுந்துக் கஞ்சி, குழைய வேகவைத்த காராமணி, மல்லாட்டைத் துவையல் ஆகியவை ஏற்றவை. பலாக் காலத்தில் கொட்டைகளை வீசிவிடாமல் நன்கு வேகவைத்துக் கொடுக்கலாம். அதில் புரதம் ஓரளவே ஆயினும் குடல் நுண்ணுயிருக்கு ஏற்ற மாவு உண்டு. முந்திரியில் முழுப்பருப்புக்குத்தான் விலை. சத்து உடைந்த பருப்பிலும் அதேதான். பயறு வாயுத் தொல்லை தருகிறது என்று ஒதுக்குபவர்கள், முளைகட்டி வேகவைத்து, சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக்கொள்ளலாம். நாருணவு கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இல்லையேல் மலச்சிக்கல்தான் மிஞ்சும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் தேவைப்படும் பயறு 36½ கிலோ. மல்லாட்டைப் பருப்பு 22 கிலோ. காயாகச் சொன்னால் ஏறத்தாழ 31 கிலோ. மல்லாட்டைக்கு ஓரப்பயிராகவும் ஊடுபயிராகவும் காராமணி, உளுந்து விதைப்பவர்களுக்கு இது பெரிய அளவன்று. களத்திலேயே அளந்து தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது. விற்ற பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர் வாங்குவதில்லை.

எடுத்து வைப்பது எது என்பதிலும் கவனம் வேண்டும். திரட்சியான பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் பூசணம் பிடித்ததையும் வீட்டுக்கு ஒதுக்குவது பல இடங்களில் வழக்கம். மல்லாட்டையில் பிடிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இது கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது. காய்களை 8 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து, ஈரத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைக்க வேண்டும். நிறம் மாறிய, கசக்கும் பருப்பை வீட்டிலும் உண்ணக் கூடாது. மாட்டுக்கும் போடக் கூடாது, பாலில் அந்நஞ்சு இறங்கும்.

மறதி எல்லாம் அல்சைமர் அல்ல

மறதியோடு வரும் முதியவர்களில் சிலருக்கு இருப்பது பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு. வேறு சிலருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. இவை குணப்படுத்தக் கூடியவை. காலம் கடத்தினால் சேதம் நிலைத்துவிடும். பி12 பயறிலும் கீரையிலும் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கும் இச்சத்துக் குறையலாம். எனவே மரக்கறி உணவினரும் மெட்பார்மின் உண்பவர்களும் மறதி தென்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஞாபகசக்தி லேகியத்துக்குச் செலவிடும் தொகையில் இந்தப் பரிசோதனையை முடித்துவிடலாம்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயின் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், மது, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, காற்று மாசு, தனிமை, கல்வியின்மை முதலியவை அப்பட்டியலில் உள்ளன. உணவு அதில் தனியாக இடம்பெறவில்லை. ஆனால் அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் உணவின் வழியே ஏறி இறங்குபவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. நாற்பது வயதிலேயே பார்த்துக்கொள்ளத் தொடங்க வேண்டும். மூளையில் படிவு சேரத் தொடங்கும் காலம் ஏறத்தாழ அதையொட்டித்தான் வருகிறது.

நோய் வந்துவிட்டவர்களுக்கு

மறதி நோய் முற்றும்போது பெரும்பாலும் உடல் மெலியும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைத்து, குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் துறை உண்டு. தட்டில் பல பண்டங்களை ஒருசேர வைத்தால் நோயாளி தடுமாறுவார். ஒன்று முடிந்த பின் மற்றொன்று வைக்கவும். உண்ண மறுத்தால் அதட்டாமல் அரை மணி கழித்து மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம். எதிரே ஒருவர் உட்கார்ந்து தாமும் உண்டால், பார்த்துப் பார்த்து அவரும் உண்பார். முழு மல்லாட்டைப் பருப்பும் முந்திரியும் தொண்டையில் அடைக்கும். துவையலாகவோ கஞ்சியில் அரைத்துச் சேர்த்தோ கொடுக்க வேண்டும். நிமிர உட்கார வைத்துச் சிறு கரண்டியால் ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். உண்டு முடித்த அரை மணி நேரத்துக்குப் படுக்க வைக்கக் கூடாது.